வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாவணமாக்குவது எப்படி: வழக்காடிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கைமாற்றாகக் கொடுத்த மூன்று லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதி வாங்கவில்லை. ‘தை பிறந்ததும் கொடுத்துவிடுகிறேன் அண்ணா’ என்ற வாட்ஸ்அப் செய்தி மட்டும் இருக்கிறது. வழக்குப் போட்டால் நிற்குமா? வழக்கறிஞர் அலுவலகங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நிற்கும். ஆனால் கேட்பவர் கையில் வழக்கமாக இருப்பது, ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்செடுத்த பத்துப் பதினைந்து ஸ்கிரீன்ஷாட்டுகள். போனை எங்கே என்று கேட்டால், எக்ஸ்சேஞ்ச் சலுகையில் கொடுத்துப் புதிது வாங்கிவிட்டேன் என்பார். வழக்கு பலவீனப்படுவது அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. உங்கள் வழக்கின் தன்மைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் வழக்கறிஞர்தான் தர முடியும். அவரிடம் போகும் முன் எதைச் செய்திருக்க வேண்டும், எதைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

சட்டம் எதைக் கேட்கிறது

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 வந்துவிட்டது. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே நீதிமன்ற வராந்தாவில் ‘65பி சான்றிதழ்’ என்ற பேச்சும் ‘63 சான்றிதழ்’ என்ற பேச்சும் ஒன்றாகவே கேட்கின்றன. பழைய 65பி பிரிவின் வேலையைப் புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவு செய்கிறது. மின்னணுப் பதிவின் நகல் எந்தக் கருவியிலிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்று கையெழுத்திட்டு உறுதி சொல்லும் தாள்தான் இந்தச் சான்றிதழ். மின்னணுப் பதிவு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கக் கூடாது என்று 61ஆம் பிரிவு சொல்லிவிட்டது. எனவே ‘வாட்ஸ்அப் எல்லாம் கோர்ட்டில் செல்லாது’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சான்றிதழ் விவகாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் 65பி சான்றிதழ் கட்டாயம் என்றது. 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் தளர்த்தியது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தளர்வை ரத்து செய்து, கட்டாயம் கட்டாயமே என்று முடித்தது. அதே தீர்ப்பில் இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன. அசல் கருவியையே தாக்கல் செய்து, அதன் உரிமையாளர் கூண்டேறி அது தன்னுடையது என்று சாட்சியம் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. கருவி வேறொருவர் கையில் இருந்து அவர் சான்றிதழ் தர மறுத்தால், அதைத் தரச் சொல்லி உத்தரவிடுமாறு நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

இவ்வளவையும் திரட்டிப் பார்த்தால் நீதிபதிக்கு விடை தேவைப்படும் கேள்விகள் மூன்று. இந்தச் செய்தியை அனுப்பியவர் யார்? அனுப்பிய பிறகு இதில் யாராவது கை வைத்தார்களா? இது முழு உரையாடலா, வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்ததா? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றுக்கு விடை சேர்ப்பதற்காகத்தான்.

முதல் படி: போனைக் காப்பாற்றுங்கள்

சான்று என்பது போன். ஸ்கிரீன்ஷாட் அதன் நகல்.

தகராறு வரும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் போனை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். ‘இடம் போதவில்லை’ என்று போன் கெஞ்சினாலும் எதையும் அழிக்க வேண்டாம். ஃபேக்டரி ரீசெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. திரை உடைந்தால் பழுது பார்க்கலாம். ஆனால் கடைக்காரர் ‘டேட்டா போய்விடும்’ என்று சொன்னால் போனை அங்கே விடாமல் திரும்பி வந்துவிடுங்கள். பழுது பார்த்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறுக்கு விசாரணையில் கேள்வி வரும்.

அடுத்து வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, மறையும் செய்திகள் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கால அளவுகள் அதில் உண்டு. இயங்கினால் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவது இனி வரும் செய்திகளைத்தான் காக்கும். ஏற்கெனவே நாள் குறிக்கப்பட்டவை மறைந்தே தீரும் என்பதால் அவற்றை அன்றைக்கே பதிவு செய்ய வேண்டும். காப்புப் பிரதி எடுக்கும் வசதியையும் இயக்கி வையுங்கள். சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். எண் செயலிழந்து வேறொருவர் கைக்குப் போய்விட்டால் அதன் தலைவலி தனி.

வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செய்திகள் இரு முனைகளுக்கு இடையே மறையாக்கம் செய்யப்பட்டவை. போய்ச் சேர்ந்த செய்தியை நிறுவனம் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை. உங்கள் போனிலும் எதிராளியின் போனிலும் இல்லையென்றால், காப்புப் பிரதியைத் தவிர அதற்கு வேறு வீடு இல்லை.

தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இருக்கும் அழைப்புப் பதிவுக்கும் கெடு உண்டு. உரிம நிபந்தனையின்படி குறைந்தது 2 ஆண்டுகளுக்கு அவற்றை வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு எப்போது அழைப்பும் குறுஞ்செய்தியும் போயின என்பதுதான் அதில் இருக்கும். செய்தியின் வாசகம் இருக்காது. ஆகவே தேவை என்று தெரிந்தால், பாதுகாத்து வைக்கச் சொல்லி உத்தரவு கேட்டு முன்கூட்டியே மனுச் செய்வது நல்லது.

இரண்டாம் படி: பதிவு செய்யும் முறை

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலின் உச்சியில் தெரியும் பெயர், எதிராளி வைத்துக்கொண்ட பெயர் அல்ல. நீங்கள் உங்கள் போனில் பதிந்து வைத்த பெயர். ‘முருகன் கடை’ என்று நீங்கள் பதிந்தால் ‘முருகன் கடை’ என்றுதான் காட்டும். உங்கள் மைத்துனரின் எண்ணை அந்தப் பெயரில் பதிந்தாலும் அப்படித்தான் காட்டும். எனவே பெயர் மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிப்பதில்லை. பெயரைத் தொட்டால் திறக்கும் தொடர்பு விவரப் பக்கத்தில் முழு எண்ணும் இருக்கும். அந்தப் பக்கத்தை முதல் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவிட்டுப் பிறகு செய்திகளுக்குப் போங்கள்.

செய்திகளை எடுக்கும்போது ஒவ்வொரு படத்தின் கடைசி இரண்டு செய்திகள் அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வரும்படி எடுங்கள். நடுவில் எதுவும் விழுங்கப்படவில்லை என்பதை அந்தத் தொடர்ச்சியே காட்டும். தேதி தெரியும் பட்டையை விட்டுவிடாதீர்கள். வழக்குக்கு உயிரான ஓரிரு செய்திகளை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதிக்குப் போனால், நீங்கள் அனுப்பிய செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படிக்கப்பட்டது என்ற நேரம் வரும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாதகமான செய்திகளும் இடையில் இருக்கும். ‘வட்டியை இவ்வளவு ஏற்றினால் எப்படி அண்ணா’ என்று அவர் கேட்டிருப்பார். அதை வெட்டாதீர்கள். எதிராளியின் போனில் அது அப்படியே இருக்கிறது. வெட்டியது வெளிப்பட்டால், மீதி இருக்கும் உண்மையையும் நீதிபதி நம்பமாட்டார்.

ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் இன்னும் இரண்டு வேலைகள் செய்யுங்கள். ஒன்று, உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி. செய்திகள் முழுவதும் தேதி, நேரத்துடன் ஓர் உரைக் கோப்பாகக் கிடைக்கும். மிக நீண்ட உரையாடலாக இருந்தால், படங்களோடு சேர்த்து ஏற்றுமதி செய்யும்போது அண்மைச் செய்திகள் மட்டுமே வரும். படங்கள் இல்லாமல் செய்தால் அதைவிடக் கூடுதலாக வரும். இந்த உரைக் கோப்பை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து மாற்றலாம் என்பதால் இதைத் தனியாக நம்பக் கூடாது; முழுமையைக் காட்டும் துணைச் சான்று என்ற அளவில் இதற்கு மதிப்பு உண்டு. இரண்டாவது, வேறொரு போனைக் கொண்டு வீடியோ எடுப்பது. உங்கள் போனைக் கையில் பிடித்து, வாட்ஸ்அப்பைத் திறந்து, தொடர்பு விவரப் பக்கத்தைக் காட்டி, மேலிருந்து கீழ்வரை மெதுவாக உருட்டிக்கொண்டே போகும் காட்சி. போலி உரையாடல்களை உருவாக்கித் தரும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், ஓடும் காட்சிக்கு நின்ற படத்தைவிட மதிப்பு அதிகம்.

படங்கள், குரல் பதிவுகள், ஆவணங்கள் ஆகியவற்றைப் பார்வர்ட் செய்து சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் உதிர்ந்துவிடும். கேபிள் போட்டுக் கணினிக்கு நேரடியாக நகலெடுங்கள்.

மூன்றாம் படி: ஹாஷ் மதிப்பு

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணித வாய்பாட்டில் போட்டால் கிடைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த சரம் அது. கோப்புக்கு அதுவே கைரேகை. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்துகள் நீளம் இருக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்தச் சரமே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இன்று எடுத்த மதிப்பும் மூன்று ஆண்டுகள் கழித்து விசாரணை நாளில் எடுக்கும் மதிப்பும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள்.

விண்டோஸ் கணினியிலேயே இதைக் கணக்கிடும் கட்டளை இருக்கிறது. தனிச் செயலி வாங்க வேண்டியதில்லை. செய்ய வேண்டிய ஒழுங்கு முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட்டுகள், வீடியோ, ஏற்றுமதிக் கோப்பு எல்லாவற்றையும் கணினியில் ஒரே கோப்புறைக்குள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுத்துப் பட்டியலிடுங்கள். பிறகு ஒரு புதிய பென் டிரைவில் நகலெடுத்து, அதில் உள்ள கோப்புகளுக்கும் ஹாஷ் எடுத்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இதற்குப் பின் கோப்பைத் திறந்து ஓரத்தை வெட்டுவது, சிவப்பு வட்டம் போடுவது போன்ற அழகுபடுத்தும் வேலை எதையும் செய்யாதீர்கள். நீதிபதியின் கவனத்தை ஈர்க்கச் சிவப்பு வட்டம் வேண்டுமென்றால் தனி நகலில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாஷ் கோப்புக்குத்தான், காகித அச்சுக்கு ஹாஷ் என்று ஒன்று கிடையாது. அச்சுப்பிரதிகளை மட்டும் தாக்கல் செய்து, பென் டிரைவ் தராமல், நீங்கள் சான்றிதழில் ஹாஷ் எழுதியிருந்தால், அதை வைத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விளையாடிவிடுவார்.

நான்காம் படி: 63(4) சான்றிதழ்

புதிய சட்டத்தின் அட்டவணையில் இதற்கான படிவமே இருக்கிறது. இரண்டு பகுதிகள். அ பகுதியை மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும். ஆ பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். பழைய 65பியில் நிபுணர் கையெழுத்து கிடையாது. இது புதிய சுமை.

அ பகுதியில் போனின் நிறுவனம், மாடல், நிறம், வரிசை எண், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ ஆகியவை கேட்கப்படும். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதுங்கள். போன் உங்கள் உடைமையா, உங்கள் பயன்பாட்டில் இருந்ததா, அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியதா, இடையில் பழுதானால் அது பதிவைப் பாதித்ததா என்பதும் வரும். கடைசியில் ஹாஷ் மதிப்பு, அதை எடுத்த முறை, தேதி, 24 மணி வடிவில் நேரம், இடம். ஹாஷ் அறிக்கையைத் தனியாக இணைக்க வேண்டும். போன் மனைவி பெயரில் வாங்கப்பட்டு உங்கள் கையில் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ‘என்னுடையது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு, கூண்டில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆ பகுதிதான் நடைமுறைச் சிக்கல். யார் நிபுணர்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிக்கும் மின்னணுச் சான்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கருத்து சாட்சியமாக ஏற்கத்தக்கது என்று சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று லட்சம் ரூபாய் கைமாற்று வழக்குக்கு ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட ஆய்வகத்தைத் தேடிப்போவது நடக்கிற காரியமா? 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு குடும்ப வழக்கில் இந்தக் குறையைச் சுட்டி, தமிழ்நாட்டுக்குப் போதிய நிபுணர்களை அறிவிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உங்கள் வழக்கு நடக்கும் நீதிமன்றம் எத்தகைய தகுதியுள்ளவரின் கையெழுத்தை ஏற்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செயல்படுவதுதான் புத்திசாலித்தனம். கையெழுத்திடுபவர் நாளை சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படலாம். பக்கத்துக் கணினி மையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு முத்திரை குத்தித் தருபவர் அன்றைக்கு வருவாரா, வந்தால் ஹாஷ் என்றால் என்ன என்று அவரால் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

சிறு வழக்குகளில் என் விருப்பம் வேறு. அசல் போனையே தாக்கல் செய்து, உரிமையாளரே சாட்சியம் சொல்லும் கோட்கர் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் விலை: போன் சான்றுப் பொருளாக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் பொறுப்பில் கிடக்கலாம். ஆகையால் தகராறு தொடங்கியதுமே அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு போன் வாங்கிக்கொண்டு, பழையதை ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. வசதி இருந்தால் சான்றிதழும் போனும் இரண்டுமே இருக்கட்டும்.

63(4) பிரிவின்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு முறையும் சான்றிதழும் கூட வர வேண்டும். இடைக்கால மனுவோடு ஒருமுறை கொடுத்தாயிற்றே என்று விசாரணையில் விட்டுவிடக் கூடாது.

ஐந்தாம் படி: அனுப்பியவர் அவர்தான் என்று காட்டுவது

சான்றிதழ் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் தோற்கும் இடம் இது. சான்றிதழ் பதிவை உள்ளே அனுமதிக்கிறது. அதில் உள்ளது உண்மை என்பதையும் அனுப்பியவர் இன்னார் என்பதையும் நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளின் பொருளும் உள்ளடக்கமும் விசாரணையில் சாட்சியம் மூலம் நிரூபிக்கப்பட வேண்டியவை என்று 2020இல் அம்பாலால் சாராபாய் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

குறுக்கு விசாரணை எப்படிப் போகும் என்று பாருங்கள்.

‘இந்த எண்ணுக்கு இந்தப் பெயரைப் பதிந்தது யார்?’
‘நான்தான்.’
‘இந்த எண் பிரதிவாதியின் பெயரில் பதிவான எண் என்பதற்கு ஆவணம் ஏதாவது தாக்கல் செய்திருக்கிறீர்களா?’
‘இல்லை.’
‘அவருடைய போனை அவர் மகனும் கடைப் பையனும் எடுத்துப் பேசுவது உங்களுக்குத் தெரியும்தானே?’

இந்த மூன்றாவது கேள்விக்கு முன்னதாகவே தயாராக வேண்டும். எண் யார் பெயரில் இருக்கிறது என்ற சந்தாதாரர் விவரத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து வரவழைக்க நீதிமன்றம் வழியாகச் சம்மன் அனுப்பலாம். நம் ஊரில் பாதிச் சிம்கள் மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ இருப்பதால் இது ஒன்றே போதாது. பிரதிவாதி அதே எண்ணை விசிட்டிங் கார்டிலோ கடைப் பலகையிலோ போட்டிருக்கிறாரா? அதே எண்ணோடு இணைந்த யுபிஐ மூலம் உங்களிடமிருந்து பணம் வாங்கியிருக்கிறாரா? செய்தியில் ‘இன்று பத்தாயிரம் போட்டிருக்கிறேன்’ என்று சொன்ன அதே நாளில் உங்கள் வங்கிக் கணக்கில் பத்தாயிரம் ஏறியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பலமானது. செய்தியும் வங்கிக் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றால், கடைப் பையன் கதையை யாரும் நம்பமாட்டார்கள். வங்கியின் கணக்கு அறிக்கையை வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படியான சான்றுடன் கிளையிலேயே கேட்டு வாங்குங்கள். செயலியில் பதிவிறக்கிய பிரதி போதாது.

வழக்குக்கு முன் அனுப்பும் வழக்கறிஞர் அறிவிப்பிலேயே செய்திகளைத் தேதியுடன் மேற்கோள் காட்டிவிட வேண்டும். பிரதிவாதி பதிலில் ‘அந்தச் செய்தியை நெருக்கடியில் அனுப்பினேன்’ என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பதிலே தராமல் இருந்தாலும் அதை வாதத்தில் பயன்படுத்தலாம். உரிமையியல் வழக்கில் ஆவணத்தை ஒப்புக்கொள்ளுமாறு கேட்டு அறிவிப்புக் கொடுக்கும் வழியும் உண்டு; பலரும் மறந்துவிடும் எளிய கருவி அது.

ஈமோஜியைப் பற்றியும் ஒரு சொல். மேலதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் போட்டதற்காக ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் வேலை இழந்தார். அதைக் கொலையைக் கொண்டாடியதாக எடுத்துக்கொள்ள முடியாது, செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கான குறியாகவும் இருக்கலாம் என்று 2024இல் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனவே ‘எப்போது தருவீர்கள்?’ என்ற உங்கள் கேள்விக்கு வந்த கட்டைவிரலைக் கடன் ஒப்புதல் என்று கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

அதோடு காலவரம்பு. கடன் வசூல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். ‘தந்துவிடுகிறேன்’ என்ற செய்தி இடையில் வந்திருந்தாலும், அது கையொப்பமிட்ட ஒப்புதல் ஆகுமா என்ற வாதத்தில் இறங்க வேண்டியிருக்கும். அந்தச் செய்தியை நம்பிக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள்.

ஆறாம் படி: தாக்கல் செய்வதும் ஒப்படைப்பதும்

உரிமையியல் வழக்கில் வழக்குரையோடு சேர்த்தே ஆவணப் பட்டியலில் இவற்றைக் காட்ட வேண்டும். பிறகு சேர்ப்பதற்கு நீதிமன்ற அனுமதி தேவை. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்ச் செய்திகளே அதிகம் என்பதால், ஒவ்வொரு செய்தியையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிய தனித்தாளையும் இணையுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், சுருக்கத்தை விரிக்காதீர்கள், வசவு இருந்தால் புள்ளி வைத்து மறைக்காதீர்கள். பெயர்த்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும்.

குடும்ப நீதிமன்றத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 14ஆம் பிரிவு, தகராற்றைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதும் எதையும், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பாராமலே பெற்றுக்கொள்ள அனுமதிக்கிறது. அதற்காகச் சான்றிதழை விட்டுவிடச் சொல்லவில்லை, மேல்முறையீட்டில் உதவும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது முதலில் அச்சுப்பிரதியும் பென் டிரைவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போனைக் கேட்டால் வெறுங்கையால் கொடுத்துவிட்டு வராதீர்கள். கைப்பற்றுதல் மகசரில், அதாவது போனைக் கைப்பற்றியதற்குக் காவலர் எழுதும் பதிவில், மாடல், ஐஎம்இஐ, சிம் எண், போன் இயங்கும் நிலையில் இருந்ததா என்பது எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறது. பணம் பறிபோன இணைய மோசடியாக இருந்தால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

அழைப்புப் பதிவு: தனிச் சட்டம், தனிச் சங்கடம்

பதிவு செய்த தொலைபேசிப் பேச்சுக்கு மேலே சொன்ன சான்றிதழோடு கூடுதல் சோதனைகள் உண்டு. 1985இல் ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தவை: குரல் இன்னாருடையது என்று அடையாளம் காணப்பட வேண்டும், பதிவு திருத்தப்படவில்லை என்று தெரிய வேண்டும், பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்க வேண்டும், வேறு இரைச்சலில் மூழ்காமல் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். குரல் என்னுடையது அல்ல என்று மறுத்தால், குற்ற வழக்கில் குரல் மாதிரி கொடுக்குமாறு உத்தரவிட நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அதிகாரம் உண்டு. 2019இல் ரித்தேஷ் சின்ஹா தீர்ப்பில் வந்த அந்த அதிகாரம் இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது.

எதிராளிக்குத் தெரியாமல் பதிந்தது செல்லுமா? சட்டவிரோதமாகப் பெற்ற சான்று என்பதாலேயே அது தள்ளப்படாது என்பது 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மல்கானி வழக்கிலிருந்து வரும் நிலை. கணவன் மனைவி விஷயத்தில் அண்மைக்காலம் வரை இழுபறி. மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் கள்ளத்தனமாக எடுத்துத் தாக்கல் செய்தபோது, அந்தரங்கத்தை மீறிப் பெற்ற சான்றை ஏற்க முடியாது என்று நிபுணர் விஷயத்தில் மேலே குறிப்பிட்ட 2024 அக்டோபர் குடும்ப வழக்கில் மதுரைக் கிளை தள்ளியது. 2025 ஜூலை 14 அன்று விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதிக்கு இடையிலான வழக்கில் இரகசியமாகப் பதிந்த பேச்சும் ஏற்கத்தக்கதே என்றது. இப்போது கைகொடுப்பது அந்தத் தீர்ப்பு.

அதற்காக எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் ஒரு தரப்பாகப் பேசிய பேச்சைப் பதிவது வேறு. அடுத்தவர் போனில் உளவுச் செயலி போடுவது, கடவுச்சொல்லை உடைத்து உள்ளே போவது, தரகரிடம் காசு கொடுத்து அழைப்பு விவரம் வாங்குவது வேறு. பின்னவை குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். சான்று உள்ளே போனாலும் கூடவே நீங்களும் போக வேண்டியிருக்கும்.

செய்தியைப் போலியாக உருவாக்குவதும், நீதிமன்றம் கேட்கும் என்று தெரிந்தே அழிப்பதும் அதே வரிசையில் வருபவை. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சான்று புனைந்தால் 7 ஆண்டு வரையும், மின்னணுப் பதிவை அழித்தால் 3 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு.

நீங்கள் எதிர்த்தரப்பாக இருந்தால்

எதிராளி ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய முயலும்போதே, அந்த நிமிடத்திலேயே, சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபத்தைப் பதிய வேண்டும். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மேல்முறையீட்டில் கிளப்பினால் எடுபடாது என்று 2017இல் சோனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிராளி வெட்டி எடுத்த பகுதியைக் காட்டினால், உங்கள் போனில் இருக்கும் முழு உரையாடலை உங்கள் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் மெமரி கார்டு போன்றவற்றின் நகலைக் கேட்டுப் பெறலாம். பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நகல் தராமல் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்று 2019இல் கேரள நடிகர் திலீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது.

தீர்ப்பு வந்ததும் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரிமையியல் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் கெடு. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுக்களும் வரும். மேல்முறையீடு முழுவதும் முடிந்து, தாக்கல் செய்த ஆவணங்களைத் திரும்பப் பெறும் மனு உத்தரவாகும் வரை போனும் சிம்மும் பென் டிரைவும் ஒரே உறையில், ஹாஷ் பட்டியலோடு இருக்கட்டும். போன் உங்கள் வசம் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். பேட்டரி உப்பித் திறக்காமல் போன போனை எந்தச் சான்றிதழும் உயிர்ப்பிக்காது.